நத்தையின் சாட்சியம்

சாட்சியம் என்ற சொல் நம் இலக்கியப் பேச்சில் மிகவும் மலிந்துவிட்டது. கவிதை காலத்தின் சாட்சி. நாவல் ஒரு சமூகத்தின் சாட்சி. கவிஞன் தன் தலைமுறையின் சாட்சி. பின்னட்டையில் இந்தச் சொல் இல்லாத புத்தகம் இன்று அபூர்வம். இப்படிச் சொல்லும்போதெல்லாம் சாட்சி என்பவன் பார்த்தவன், பார்த்ததைச் சொல்ல முன்வந்தவன், சொல்வதாலேயே ஒரு தார்மீகத் தகுதி பெற்றுவிட்டவன் என்று எடுத்துக்கொள்கிறோம். சில மாதங்களாக நான் வேறு வகைச் சாட்சி ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது எதையும் பார்க்கவில்லை. சொல்லவும் முன்வரவில்லை. தான் சாட்சி என்பதே அதற்குத் தெரியாது. அது ஒரு நன்னீர் நத்தை. இன்னும் திட்டமாகச் சொன்னால், நத்தை செத்த பிறகு சேற்றில் தங்கிவிட்ட அதன் ஓடு.

இந்த ஓடுகளை வைத்துக்கொண்டு நாலாயிரம், எட்டாயிரம் வருஷங்களுக்கு முன் ஓர் ஏரியில் தண்ணீர் எப்படி இருந்தது, மழை பெய்ததா பொய்த்ததா என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள், எந்த இடத்தில் சொல்வதை நிறுத்திக்கொள்கிறார்கள் என்ற இரண்டும் எழுதுகிறவர்களாகிய நமக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது. இரண்டாவது இன்னும் முக்கியம்.

இந்த ஆராய்ச்சிகளில் அடிக்கடி கைகொடுக்கும் ஓர் இனம் தமிழ்நாட்டுக் குளங்களில் சாதாரணமாகக் கிடைப்பது தான். திருகாணி போல் நீண்டு கூம்பிய சின்ன ஓடு. அதன் மேல் நுண்ணிய புடைப்புகள், செம்பழுப்புத் தீற்றல்கள். பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். இது சமைத்துச் சாப்பிடுகிற நத்தை இல்லை என்பதாலோ என்னவோ, எங்கள் ஊரில் யாரும் இதைத் தனிப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. விஞ்ஞானப் பெயர் மெலனாய்டிஸ் டியூபர்குலாட்டா. 1774இல் ஆட்டோ ஃப்ரெட்ரிக் ம்யுல்லர் என்ற டேனிஷ்காரர் லத்தீன் மொழியில் வர்ணித்து இனப்பெயரிட்டார். அது கிடைத்த இடமாகக் குறிக்கப்பட்டிருப்பது கொரமண்டல், அதாவது நம் சோழமண்டலக் கரை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இந்தியா முழுவதும் பரவிக் கிடக்கிற, மீன்தொட்டி வியாபாரத்தோடு அமெரிக்கக் கண்டம் வரை போய்விட்ட ஒரு பிராணிக்கு, ஏட்டில் பதிந்த சொந்த ஊர் நம் கரை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இந்த மாதிரி இடங்களில் தமிழ் மனம் உடனே பெருமைப்படத் தயாராகிவிடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் உத்தியோகத்தில் இருந்தவன். கிணற்றுக்குள் நாடாவை இறக்கி, நனைந்த இடம் வரை படித்து, நோட்டில் எழுதுவது தான் வேலை. எழுத்துக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்று தான் வெகுகாலம் இருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். கருத்த மண் கட்டிகளுக்கு நடுவே இந்த ஓடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். நிறம் போய், கூர்முனை மட்டும் போகாமல் இருக்கும். வெறும் காலோடு நடந்தால் குத்தும்.

கரம்பை வெட்டுகிற கண்மாய் நல்ல ஆவணம் ஆகாது. வண்டல் அடுக்கு அடுக்காகப் படிந்து, யாரும் கலைக்காமல் கிடந்தால் தான் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று நம்பமுடியும். எங்கள் கண்மாயின் பக்கங்களை எங்கள் முன்னோர் வருஷாவருஷம் கிழித்து வயலுக்குப் போட்டுவிட்டார்கள். அதனால் நெல் விளைந்தது. ஆவணத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள உறவு இப்படித்தான் இருக்கிறது. ஆவணமாகப் பிழைத்திருப்பவை பெரும்பாலும் மனிதர் கைவிட்ட ஏரிகள்.

ஓட்டில் எழுதப்படுவது என்ன? நத்தை தான் வாழும் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, ஓட்டின் வாய் விளிம்பில் இழை இழையாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. உச்சி முனை குழந்தைப் பருவம். வாய் விளிம்பு சாவு. இடையில் உள்ள சுருள் அதன் ஆயுள், ஏறக்குறைய ஒன்றிரண்டு வருஷம். இந்தச் சுண்ணாம்பில் ஆக்ஸிஜன் இருக்கிறது. இயற்கையில் ஆக்ஸிஜன் அணுக்களில் நூற்றுக்கு 99.7க்கு மேல் எடை 16 உள்ளவை. ஐந்நூறில் ஒன்று போல எடை 18. வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது இலேசானது சற்றுச் சுலபமாகப் போய்விடுகிறது, கனமானது தங்குகிறது. ஆகவே வற்றிக்கொண்டிருக்கும் ஏரியில் கனமான ஆக்ஸிஜனின் விகிதம் ஏறுகிறது. நல்ல மழை வந்து ஏரி நிரம்பினால் இறங்குகிறது. நத்தை தன் ஓட்டைக் கட்டும்போது அந்த விகிதத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஓட்டைச் சுத்தம் செய்து, பொடித்து, பாஸ்பாரிக் அமிலத்தில் இட்டு, வரும் வாயுவை நிறமாலைக் கருவிக்குள் அனுப்பி அந்த விகிதத்தைப் படிக்கிறார்கள். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு என்ற கணக்கில் தான் இருக்கும்.

இந்த வழியைத் திறந்துவிட்டவர் சிகாகோவில் இருந்த ஹெரால்ட் யூரி. 1947இல் கணக்குப் போட்டுக் காட்டினார். 1951இல் சகாக்களோடு கடல் உயிர்களின் புதைபடிவங்களை அளந்து வெளியிட்டார். ஜுராசிக் காலத்து பெலம்னைட் ஒன்றை வளையம் வளையமாகச் சுரண்டி, அது மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டது, வசந்தத்தில் செத்தது என்று கண்டார்கள். பதினைந்து கோடி வருஷத்துக்கு முந்தைய ஒரு பிராணி எந்தப் பருவத்தில் செத்தது என்று தெரிந்துகொள்வதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் கவிதையும் படிக்காமல் இருப்பது நல்லது. ஒப்பிட்டு அளக்க அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோலும் தெற்குக் கரோலினாவின் பீடீ படிவத்தில் கிடைத்த ஒரு பெலம்னைட் தான். அளந்து அளந்தே அந்த மூலப்பொருள் தீர்ந்துவிட்டது. இன்று உபயோகத்தில் இருப்பது அதன் பெயரில், அதற்கு ஈடாக வேறு பொருள் வைத்து வரையறுத்த அளவு.

கடல் பெரியது, அதன் நீர் சுலபத்தில் மாறுவதில்லை. அதனால் கடல் ஓட்டில் வெப்பத்தைப் படிக்கலாம். ஏரி அப்படியில்லை. ஏரி நத்தையின் ஓட்டில் நிற்கும் ஓர் எண்ணுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கமுடியும். தண்ணீர் குளிர்ந்திருக்கலாம். மழை குறைந்திருக்கலாம். மழை அதே அளவு பெய்து வெயில் கூடியிருக்கலாம். மழை வேறு கடலிலிருந்து வந்திருக்கலாம். அந்த ஏரிக்குக் கலுங்கு உண்டா என்பதும் கேள்வி. கலுங்கு வழியே மறுகால் பாயும் ஏரியில் பழைய தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும்; ஆவியாதலின் தடம் அவ்வளவாகத் தங்காது. வெளியேற வழியற்ற மூடிய ஏரியில் தான் ஒவ்வொரு கோடையும் கணக்கில் ஏறும். ஆக, ஓட்டைப் படிப்பதற்கு முன் ஏரியைப் படிக்கவேண்டும்.

பாடம் சுத்தமானதா என்ற கேள்வி வேறு. நத்தை கட்டுவது அரகோனைட் என்ற வடிவில் உள்ள சுண்ணாம்பு. மண்ணுக்குள் நாளடைவில் அது கரைந்து, கால்சைட் என்ற வேறு வடிவில் மறுபடி உறையக்கூடும். ஓட்டின் உருவம் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது பிற்காலத்து நிலத்தடி நீர் எழுதியதாகிவிடும். ஏடு பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். இடைச்செருகல் மூலத்தின் நடையிலேயே இருப்பது தான் அபாயம். எக்ஸ்ரே வைத்து அரகோனைட் அரகோனைட்டாகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு தான் மேலே போகிறார்கள்.

வயதும் ஒரு பிரச்னை. சுண்ணாம்புப் பாறை கரைந்த தண்ணீரில் மிகப் பழைய கார்பன் இருக்கும். நத்தை அதையும் எடுத்துக்கொள்கிறது. கார்பன் 14 முறையில் பார்த்தால் ஓடு தன் வயதை ஏற்றிச் சொல்லும். இதைத் திருத்தவேண்டும். போதாததற்கு, சில சென்டிமீட்டர் வண்டல் என்பது பல பத்து வருஷங்களாக இருக்கலாம். நத்தையின் ஆயுளோ ஒன்றிரண்டு வருஷம். ஒரு நூற்றாண்டுக்காகப் பேசவருவது ஒரு கைப்பிடி நத்தைகள். நல்ல மழை வருஷத்தில் வாழ்ந்த ஒன்றும் வறண்ட வருஷத்தில் வாழ்ந்த ஒன்றும் ஒரே அடுக்கில் அருகருகே கிடந்து, ஒன்றை ஒன்று மறுக்கும். அதனால் ஒரே அடுக்கிலிருந்து பல ஓடுகளை எடுக்கிறார்கள். ஒரே ஓட்டின் சுருளில் பல இடங்களில் துளைத்தும் எடுக்கிறார்கள். எத்தியோப்பியப் பிளவுப் பள்ளத்தாக்கின் ஏரிகளில் மெலனி லெங்கும் சகாக்களும் நான் சொன்ன இதே மெலனாய்டிஸ் நத்தையை இப்படிச் சுருள் நெடுகப் படித்து 1999இல் எழுதினார்கள். இன்று உயிரோடு இருக்கும் ஓட்டையும் ஆதி ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இன்றைய நத்தை இன்றைய ஏரியைச் சரியாகச் சொல்கிறதா என்று தெரியாமல் பழையதை நம்பக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், நம்மைச் சேர்ந்த ஒரு விவகாரத்துக்கு இதே நத்தை ஓடுகள் சாட்சியாக வந்து நிற்பது தான்.

டெல்லிக்குத் தெற்கே ஹரியானாவின் நூ மாவட்டத்தில் கோட்லா தஹர் என்று ஒரு பழைய ஏரிப் படுகை. சிந்து நாகரிகக் குடியிருப்புகள் பரவியிருந்த நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த நத்தை ஓடுகளை அளந்து, யமா தீக்ஷித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி மூவரும் 2014இல் 'ஜியாலஜி' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடந்த 6,500 ஆண்டுகளின் பருவமழைக் கதை. சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் ஓட்டின் கன ஆக்ஸிஜன் விகிதம் ஆயிரத்தில் 4 அளவுக்கு ஏறுகிறது. வெப்பத்தால் மட்டும் இந்த மாற்றம் வரவேண்டுமானால் தண்ணீர் 16, 17 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கவேண்டும். அப்படி நடந்திருக்க முடியாது. மழை குறைந்து ஏரி வற்றியது என்பது தான் மிச்சமிருக்கும் வாசிப்பு. சிந்து நகரங்கள் மெல்லக் கலையத் தொடங்கிய காலமும் அதை ஒட்டி வருகிறது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. ராஜஸ்தானின் உப்பு ஏரிகளில் மகரந்தத் தூளை ஆராய்ந்த குர்தீப் சிங் 1971லேயே சிந்து நாகரிகத்தின் எழுச்சியையும் தளர்ச்சியையும் மழையோடு இணைத்துப் பேசினார். 1999இல் யெஹூதா என்ஸெலும் சகாக்களும் லூன்கரன்ஸர் ஏரி சிந்து நகரங்கள் தழைப்பதற்கு வெகு முன்பே காய்ந்துவிட்டது என்று காட்டினார்கள். அதாவது வறண்ட காலத்தில் தான் நகரங்கள் எழுந்தன என்று ஆயிற்று. ஓர் ஏரி ஒன்று சொல்கிறது, இன்னோர் ஏரி மற்றொன்று சொல்கிறது. தார்ப் பாலைவனத்துக்குள் இருக்கும் ஏரியும், மழை சற்று அதிகம் பெறும் கிழக்கு ஓரத்து ஏரியும் ஒரே குரலில் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் அவசரம். கோட்லா தஹர்க் கட்டுரையாளர்கள் இதை அறிந்தவர்கள். தங்கள் கால அளவீட்டிலும் தொல்லியல் கால அளவீட்டிலும் நிச்சயமின்மை உண்டு என்பதைச் சொல்லிவிட்டு, நகரங்கள் கலைந்ததில் தட்பவெப்பத்துக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்ற அளவில் நின்றுகொண்டார்கள். இருந்திருக்கலாம். ஒரு பங்கு. இந்த இரண்டு சொற்களையும் நான் மறுபடி மறுபடி படித்தேன்.

என் சிநேகிதர் ஒருவர், இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் மதிக்கும் கவிஞர், சிந்து நாகரிகம் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதி முடித்திருக்கிறார். நானூறு வரிக்கு மேல். வற்றிய ஏரியில் கடைசித் தமிழன் நிற்கிறான். காலடியில் நத்தை ஓடுகள். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தெற்கே நடக்கிறான். வைகைக் கரைக்கு வந்து சேர்கிறான். கவிதையை அனுப்பி முன்னுரை கேட்டிருந்தார். கூடவே கடிதத்தில் ஒரு வரி: "நத்தையே சொல்லிவிட்டதுங்க, இனி யார் மறுக்க முடியும்?" நான் முன்னுரை எழுத இயலாது என்று பதில் போட்டேன். அவர் வருத்தப்பட்டார். தொலைபேசியில், "நீங்க தமிழ் விரோதியா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். அதன் பிறகு பேசவில்லை. இது சொந்த விவகாரம் தான் என்றாலும், மறுப்பின் காரணம் சொந்தக் காரணம் இல்லை.

சிந்து மக்கள் பேசியது ஒரு திராவிட மொழியாக இருக்கலாம் என்பதை நான் கேலி செய்யவில்லை. ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்போலாவும் ஆயுளைச் செலவிட்ட கருதுகோள் அது. எழுத்து இன்னும் எல்லோரும் ஏற்கும்படி வாசிக்கப்படவில்லை. ஆகவே கருதுகோளாக நிற்கிறது. ஆனால் நத்தை அந்த வழக்கில் சாட்சியே இல்லை. அது தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுகிறது. கரையில் நின்றவர்கள் என்ன மொழி பேசினார்கள், எந்தப் பக்கம் நடந்தார்கள் என்பது ஓட்டில் இல்லை. மண்ணைத் தோண்டியவர்கள் சொல்வதைப் பார்த்தால், நகரங்கள் சுருங்கிய பின் ஹரியானாவிலும் அதற்குக் கிழக்கிலும் சிறு குடியிருப்புகள் பெருகுகின்றன. இரு பருவத்திலும் பயிரிடும் பழக்கம், சிறுதானியங்கள் எல்லாம் அந்தப் பகுதியில் இருந்தன. அவர்களுக்கு நடந்தது சாவா, இடப்பெயர்ச்சியா, பெரிய ஊரின் வரிச்சுமையிலிருந்து விடுதலையா? நகரம் கலைவதை நாகரிகத்தின் மரணமாகப் பார்ப்பது நகரத்துப் பார்வை. கிராமத்தில் உட்கார்ந்து திணை விதைத்தவனுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கலாம். சிநேகிதரின் கவிதையில் அவன் இல்லை. கடைசித் தமிழன் என்ற உருவத்துக்கு அவன் இடைஞ்சல்.

இங்கே எனக்கு வேறு ஒரு பஞ்சம் ஞாபகம் வருகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம். பசிபிக் கடல் வெப்பமேறியதன் விளைவாக நம் பக்கம் மழை பொய்த்தது என்று இன்று தெரியும். அந்த வருஷங்களில் எங்கள் கண்மாயில் வாழ்ந்த நத்தை எதாவது கலையாத மண்ணில் தங்கியிருந்தால், அதன் ஓடு வறட்சியைச் சுத்தமாகச் சொல்லியிருக்கும். ஆயிரத்தில் இத்தனை என்று எண்ணாகவே சொல்லியிருக்கும். அது சொல்லாமல் விட்டிருப்பது என்ன? 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் லிட்டன் பிரபு நடத்திய தர்பார் ஓட்டில் இருக்காது. தானிய ஏற்றுமதியைத் தடுக்கமாட்டோம், சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்ற கொள்கை இருக்காது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி இருக்காது. அரை லட்சம் இல்லை, ஐம்பது லட்சத்துக்கு மேல் மனிதர்கள் செத்தார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம். மழை மட்டும் காரணம் என்று சொல்பவன் லிட்டனுக்கு வக்கீல்.

எங்கள் அப்பத்தா அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவள் இல்லை. அவளுடைய அம்மா பார்த்தவள். அப்பத்தா சொன்ன கதையில் மழை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "ஏழு வருசம் மழை இல்ல." பிறகு வருவதெல்லாம் வீடுகள். எந்த வீட்டுக் கதவு திறந்தது, எது திறக்கவில்லை. "அந்த வீட்டுல நெல்லு இருந்துச்சுடா. கதவத்தான் தொறக்கல." வீட்டுப் பெயரையும் சொல்வாள். அந்த வீட்டாரோடு எங்களுக்கு என் காலம் வரை கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது; அப்பத்தாவுக்கு மட்டும் தெரியும்.

ஏழு வருஷம் என்பது தவறு. பதிவுகளின்படி மூன்று வருஷத்துக்குள் முடிந்த பஞ்சம் அது. நினைவு ஏழு என்ற எண்ணை விரும்புகிறது. நத்தைக்கு அந்த விருப்பம் கிடையாது. மறுபுறம், நத்தைக்குக் கதவு தெரியாது. ஒரு சாட்சி தண்ணீரை மட்டும் பிழையின்றிச் சொல்கிறது; மற்றொன்று தண்ணீரைத் தப்பாகச் சொல்லி, கதவைச் சரியாகச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டினால் கிடைப்பது காவியம். அது யாருக்கும் நியாயம் செய்யாது. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள இடைவெளியை மூடாமல் எழுதுவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தான் நாம் நவீனம் என்ற பெயரில் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டோம் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று. நத்தை வறட்சியைச் சொல்லவேண்டுமானால் வறட்சியில் உயிரோடிருக்கவேண்டும். ஏரி அடியோடு காய்ந்துவிட்டால் ஓடு கட்ட ஆளில்லை. ஹரியானாவிலேயே ரிவாஸா என்ற வேறொரு பழைய ஏரியில் இதே குழுவினர் ஆராய்ந்தபோது, சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முந்தைய இடத்தில் ஏரித் தரை வெளிக்காற்றில் காய்ந்து இறுகிப்போன கெட்டி அடுக்கு ஒன்று குறுக்கிட்டது. மழை மிகவும் மோசமாகப் பொய்த்த காலத்தின் அடையாளம் அது. ஓடுகள் தரும் எண்களால் அந்தக் காலத்துக்குள் போகமுடியாது. ஆக மோசமான காலத்தைப் பற்றிச் சாட்சியிடம் ஒரு சொல்லும் இல்லை. சாட்சி இல்லாமல் போனது தான் தகவல். தாது வருஷத்துக்கும் இது பொருந்தும். பஞ்சத்தைக் கும்மியாகப் பாடியவர்கள் பிழைத்தவர்கள். சாலையோரம் விழுந்தவர்கள் பாடவில்லை. அப்பத்தாவின் அம்மாவுக்கு எந்தக் கதவோ திறந்திருக்கிறது. அதனால் தான் திறக்காத கதவைப் பற்றி எனக்குத் தெரிகிறது. எல்லாச் சாட்சியமும் இந்த வகையில் பிழைத்தவர் தரப்பு. இதை மறந்து ஒருவர் செத்தவர்களின் குரலாகப் பேசத் தொடங்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நம் மரபில் இதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. பாலைக்கு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்கின்றன என்று சிலப்பதிகாரம் வரையறுக்கிறது. பாலை ஓர் இடமாக இல்லாமல் ஒரு நிலைமையாக இருக்கிறது. கோட்லா தஹர் ஓடுகள் பதிந்து வைத்திருப்பது இந்தத் திரிபைத் தான். ஆனால் பாலைத்திணைப் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். அங்கே எவரும் ஒரு நாகரிகத்துக்காக அழுவதில்லை. ஒருவன் போகிறான், ஒருத்தி இருக்கிறாள். வழியில் நீர் இல்லை. அவ்வளவு தான் தெரியும் என்பதால் அவ்வளவு தான் சொல்லப்படுகிறது. அந்த அடக்கம் தகவல் குறைவால் வந்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்ததற்கும் சொன்னதற்கும் உள்ள அளவு தவறாத உறவு அது. இந்த உறவைப் பேணுகிறவன் கவிஞன் என்றால், ஆயிரத்தில் நாலு என்று எழுதிவிட்டு 'இருந்திருக்கலாம்' என்று நின்றுகொள்கிற ஆராய்ச்சியாளர் அவனுக்குத் தூரத்து உறவாவது ஆகவேண்டும்.

நான் கிணறுகளுக்குள் நாடா இறக்கிய காலத்தில் ஓர் உத்தரவு இருந்தது. தண்ணீர் தட்டுப்படாவிட்டால் எண் எழுதக்கூடாது. 'வறண்டது' என்று எழுதவேண்டும். மேலதிகாரி ஒருவருக்கு இது பிடிக்காது. வரைபடத்தில் கோடு அறுந்துபோகிறது, போன மாதத்து எண்ணோடு கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்பார். கோடு தொடர்ச்சியாக இருந்தால் பார்க்க அழகாக இருக்கும். கிணறு மட்டும் அந்த ஆழத்தில் இருக்காது. சிந்துவெளியிலிருந்து வைகை வரை ஒரே கோடாக இழுக்கப்படும் கவிதைகளைப் படிக்கும்போது எனக்கு அந்த வரைபடங்கள் தான் நினைவுக்கு வருகின்றன.

சிநேகிதரின் நெடுங்கவிதையில் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பெண் செங்கல் கிணற்றில் தோண்டி இறக்குகிறாள். கயிறு எட்டவில்லை. ஒரு முழம் முடிந்து சேர்க்கிறாள். அடுத்த மாதம் இன்னொரு முழம். கயிற்றில் முடிச்சுகள் கூடிக்கொண்டு போகின்றன. அவள் என்ன மொழி பேசினாள், எந்த இனம், பின்னால் எங்கே போனாள் என்று அந்தப் பகுதியில் ஒன்றுமில்லை. முப்பது வரி இருக்கும். நீர்மட்டம் அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த முடிச்சுகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதை மட்டும் தனியே அச்சிட்டால் முன்னுரை தேவைப்படாது.